ஏழடி வட்டம்

நோட்டன் பிரிட்ஜுக்கு முதன்முறையாக வருவோரின் கண்களை நிறைப்பவை இரண்டு: ஒன்று நீர், மற்றொன்று சரிவு. கெசல்கமு ஓயாவின் நீர் அணையிலே தேங்கி நிற்கின்றது. அதனைச் சூழ்ந்த மலைகளில் அடிமுதல் முடிவரை தேயிலை படர்ந்திருக்கின்றது. அங்கே எளிதிற் காணக்கிடையாத பொருள் ஒன்றுண்டு, அது சமதரை. தோட்டங்கள் தோன்றிய காலத்தில் மலையைச் சீவிச் சமப்படுத்திய இடங்களிலே தொழிற்சாலை எழுந்தது. துரையின் பங்களா எழுந்தது. விடியற்காலையில் பெயர் பதிவதற்கான பிரட்டுக்களம் அமைந்தது. எஞ்சிய ஒடுங்கிய நிலத்தில் லயங்கள் நிரையாக நின்றன. லயத்தின் ஓரத்தில், இடம் கிடைத்தவாறு, பாடசாலை என்ற பெயரில் ஓர் அறை நின்றது.

1970களில் தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வந்தன. பின்னர்ப் பல இடங்களிலே புதிய கட்டடங்கள் எழுந்தன, வகுப்புகள் உயர்ந்தன, தோட்டத்திற் பிறந்த பிள்ளைகள் ஆசிரியர்களாகத் திரும்பி வந்தனர். ஆயினும் மலை மலையாகவே இருந்தது. ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான நாள் நெருங்கும்போது இத்தகைய பாடசாலைகளில் எழும் முதற் கவலை, நூறு மீற்றர் ஓடுவதற்கு ஒரு நேர்கோட்டை எங்கே வரைவது என்பதே. நானூறு மீற்றர் ஓடுபாதை என்பது பலருக்குத் தொலைக்காட்சியிலே கண்ட பொருள். ஆகவே, “மைதானம் இல்லை” என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. அச்சொல் பெரும்பாலான போட்டிகளுக்குப் பொருந்தும். ஆனால் மெய்வல்லுநர் போட்டிகளுள் ஒன்றற்கு அது பொருந்தாது. அதுவே குண்டு போடுதல்.

இலங்கைப் பாடசாலைகளில் இப்போட்டி ‘குண்டு போடுதல்’ என்று வழங்குகின்றது. தமிழகத்திலே ‘குண்டு எறிதல்’ என்பர். இரண்டும் ஒரே போட்டியைக் குறிப்பினும், விதியோடு நோக்குமிடத்து முன்னைய பெயரே அதிகம் பொருந்துவதாகும். கல்லையோ பந்தையோ எறிபவன் கையைத் தோளுக்குப் பின்னே கொண்டுசென்று வீசுகின்றான். இப்போட்டியில் அவ்வாறு செய்தல் பிழை. குண்டு கழுத்தை அல்லது நாடியை ஒட்டி இருத்தல் வேண்டும். ஒரு கையினாலேயே தள்ளப்படுதல் வேண்டும். தோள்களின் கோட்டிற்குப் பின்னே செல்லலாகாது. வீசுவதற்கு இடமில்லை, உந்துவதற்கே இடமுண்டு.

இதற்கு வேண்டிய நிலம் எவ்வளவு? வட்டத்தின் குறுக்களவு 2.135 மீற்றர், பழைய அளவையில் சரியாக ஏழடி. அதன் முன்புறத்தில் பத்துச் சென்ரிமீற்றர் உயரமுள்ள தடைப்பலகை ஒன்று. அதற்கு அப்பால் விசிறி போல விரியும் வீழ்நிலம். அந்த விசிறியின் கோணம் 34.92 பாகை. இந்தக் கோணம் விந்தையாகத் தோன்றினும் அதில் ஒரு கணக்குண்டு. எவ்வளவு தூரம் செல்கின்றோமோ அதன் பத்தில் ஆறு பங்கு அகலம் அங்கே அமையும். இருபது மீற்றரில் அகலம் பன்னிரண்டு. பதினைந்து மீற்றரில் ஒன்பது. கரப்பந்தாட்டத் திடலின் நீளம் பதினெட்டு மீற்றர், அகலம் ஒன்பது மீற்றர் என்பதை நேயர்கள் அறிவர். தோட்டங்கள் பலவற்றில் இளைஞர்கள் தாமே மண்வெட்டி பிடித்துச் சமப்படுத்திக்கொண்ட கரப்பந்தாட்டத் திடலொன்று இருக்கின்றது. பாடசாலை மாணவன் ஒருவன் குண்டு போடப் பழகுவதற்கு ஏறத்தாழ அந்த அளவு நிலமும், சுற்றிலும் காவலாகச் சிறிது வெளியும் போதுமானவை. மைதானம் இல்லாத ஊருக்கு இதைவிட இணக்கமான போட்டி வேறொன்றில்லை.

இதன் பிறப்பும் மலைநாட்டிலேயே என்பது குறிப்பிடத்தக்கது. ஸ்கொத்லாந்தின் மலைப்பகுதி மக்கள் ஆற்றங்கரையிலே கிடைத்த கனத்த உருளைக் கல்லைத் தோளிலிருந்து உந்தி, வலிமையைச் சோதித்தனர். அந்தக் கல்லே பின்னாளில் இரும்புக் குண்டாயிற்று. பதினாறு இறாத்தல் என்ற பழைய அளவே இன்றைய 7.26 கிலோகிராம் ஆயிற்று. அதே ஸ்கொத்லாந்திலிருந்து வந்தவர்களே இலங்கை மலைகளிற் பலவற்றுக்குத் தம் ஊர்ப்பெயர்களைச் சூட்டித் தோட்டம் அமைத்தனர். அவர்களின் தோட்டங்களிலே உழைப்பதற்குத் தமிழகத்திலிருந்து வந்தோரும் வெறுங்கையராக வரவில்லை. அவர்கள் பிறந்த ஊர்களில் கோயிலடியிலோ ஊர்ப்பொதுவிலோ இளவட்டக்கல் என்றொரு கல் கிடந்தது. உருண்டு திரண்ட அக்கல்லைக் குனிந்து தழுவி, முழங்காலுக்கு ஏற்றி, மார்புக்கு ஏற்றி, தோளுக்குப் பின்னே தள்ளுகின்றவனே இளவட்டம் எனப்பட்டான். பெண் கொடுப்போர் அக்கல்லைக் கேட்டே பெண் கொடுத்தனர் என்பது ஊர்வழக்கு. ஆதலால் குண்டு போடுதல் இம்மக்களுக்கு அந்நியமானதன்று. முன்னோர் தூக்கிய கல்லின் மறுவடிவமே அது.

இனி, இந்த ஏழடி வட்டத்துள் ஒரு மனிதன் எதிர்கொள்ளும் சோதனை எத்தகையது என்பதற்கு அண்மைக்காலச் சான்றொன்றைக் காண்போம்.

1958ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிலே, யாழ்ப்பாணத்தவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் முதலிடம் பெற்று, அவ்விழாக்களில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தார். அதே விழாவில் குண்டு போடுதலில் முதல்வராக நின்றவர் இந்தியாவின் பிரதுமன் சிங். அவர் 1954இல் மணிலாவில் பெற்ற வெற்றியை டோக்கியோவிலும் நிலைநாட்டினார். பின்னர் ஜோகிந்தர் சிங் 1966இலும் 1970இலும், பகதூர் சிங் சௌகான் 1978இலும் 1982இலும் அவ்வாறே இருமுறை வென்றனர். இந்த வரிசையிலே நான்காமவராக வந்தவர் பஞ்சாப் மாநிலத்தின் மோகா மாவட்டத்தைச் சேர்ந்த தஜிந்தர்பால் சிங் தூர்.

தூர் உழவர் குடும்பத்திற் பிறந்தவர். இளமையில் அவர் உள்ளம் கிரிக்கெற்றிலே இருந்தது. தந்தையின் விருப்பத்திற்கு இணங்கியே குண்டைக் கையில் எடுத்தார். 2017ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் அவர் 19.77 மீற்றர் போட்டார். ஈரான் நாட்டின் அலி சமாரி 19.80 மீற்றர் போட்டார். மூன்று சென்ரிமீற்றர்! இரண்டு விரல்களின் அகலத்திற்குச் சற்றேறக்குறையச் சமமான அந்த இடைவெளி, தங்கத்தை வெள்ளியாக்கிற்று.

மறுஆண்டு ஓகஸ்ற் 25ஆம் நாள் ஜகார்த்தாவில், ஆசிய விளையாட்டு விழாவில், தம் ஐந்தாவது முயற்சியில் 20.75 மீற்றர் போட்டு அவர் தங்கம் வென்றார். அது அவ்விழாக்களின் புதிய சாதனை. அவர் களத்தில் நின்ற அந்நாளில் ஊரில் அவர் தந்தை புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். மகன் பதக்கத்தோடு தாய்நாட்டில் இறங்கினார். ஆனால் அதனைத் தந்தையின் கையில் வைப்பதற்கு முன்னரே தந்தை இவ்வுலகை நீத்தார். எந்தக் கையின் விருப்பத்தால் குண்டு எடுக்கப்பட்டதோ அந்தக் கை பதக்கத்தைத் தொடவில்லை.

அதன் பின்னரும் தூர் வட்டத்தை விட்டு நீங்கினாரல்லர். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 19.99 மீற்றரோடு தகுதிச் சுற்றிலேயே நின்றுவிட்டார். 2023ஆம் ஆண்டு யூன் மாதம் புவனேசுவரத்தில் 21.77 மீற்றர் போட்டு ஆசியச் சாதனையை உயர்த்தினார். அடுத்த மாதமே பாங்கொக்கில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியில், 20.23 மீற்றர் தூரத்திற்குக் குண்டைச் செலுத்திய அதே முயற்சியில் தொடையிடுக்கிலே காயமுற்று, நொண்டியவாறு வட்டத்தை விட்டு வெளியேறினார். தங்கம் அவருக்கே கிடைத்தது. ஆனால் அந்தக் காயம் அவ்வாண்டு உலகப் போட்டியிற் கலந்துகொள்ளும் வாய்ப்பைப் பறித்தது.

இந்த நிலையில், அவ்வாண்டு ஒக்ரோபர் முதலாம் நாள், சீனாவின் ஹாங்சௌ நகரில் ஆசிய விளையாட்டு விழாவின் இறுதிப் போட்டி வந்தது. இப்போட்டியின் முறை எளிது. ஒவ்வொருவருக்கும் முதலில் மூன்று முயற்சிகள். அவற்றில் சிறந்த எண்மருக்கு மேலும் மூன்று. ஆறில் மிகத் தூரமான ஒன்றே கணக்கில் நிற்கும். தூரின் முதல் முயற்சி பிழையாயிற்று. இரண்டாவதும் பிழையாயிற்று. மூன்றாவதும் பிழையாகுமாயின், ஆசியச் சாதனையாளர் ஓர் அளவும் பதியாமற் பார்வையாளராக நிற்க வேண்டியதே. மூன்றாவது முயற்சியில் அவர் 19.51 மீற்றரைப் பதித்தார், நான்காவதில் 20.06 மீற்றரை எட்டினார். ஆனால் சவூதி அரேபியாவின் முகமது தாவூதா தோலோ 20.18 மீற்றர் போட்டு முன்னின்றார். கடைசி முயற்சி வந்தது. பின்னே வேறு வாய்ப்பில்லை. அந்த ஆறாவது முயற்சியிலே குண்டு 20.36 மீற்றரில் வீழ்ந்தது. தங்கம் மீண்டும் தூருக்கே.

இங்கே சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. முதலிரு முயற்சிகளிலும் அவரிடம் வலிமை இல்லாமலா போயிற்று? இல்லை. ஆறாவது முயற்சியில் திடீரென வலிமை பிறந்ததா? அதுவும் இல்லை. வலிமை இறுதிவரை ஒன்றே. அதனை ஏழடி வட்டத்துக்குள் அடக்கி வைத்துக்கொண்டு வெளியிடும் பக்குவமே வேறுபட்டது. குண்டு எவ்வளவு தூரம் சென்றாலும், போட்டவனின் கால் தடைப்பலகையின் மேற்புறத்தைத் தீண்டினால் அது பிழை. குண்டு நிலத்தில் வீழுமுன் அவன் வட்டத்தை விட்டு வெளியேறலாகாது. வெளியேறும்போதும் வட்டத்தின் பின்பாதி வழியாகவே செல்ல வேண்டும். உடலிலுள்ள விசை முழுவதையும் முன்னே செலுத்திய அக்கணத்திலேயே உடலைப் பின்னே நிறுத்தி வைத்தல் வேண்டும். இதுவே குண்டு போடுதலின் உயிர்நிலை.

இவ்வுண்மையை நோட்டன் பிரிட்ஜிற் பிறந்த பிள்ளைக்கு விளக்குவது கடினமன்று. காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து வரும் நீர், இவ்வூரிலே 1965ஆம் ஆண்டு தொடக்கம் இயங்கிவரும் விமலசுரேந்திர மின்நிலையத்தின் சுழலிகளை உருட்டுகின்றது. பின்னர் நோட்டன் அணையில் தேங்கி, லக்சபான மின்நிலையத்தை நோக்கி இறங்குகின்றது. இந்நீரின் ஆற்றலை நாட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் பொறியியலாளர் விமலசுரேந்திர அவர்கள். கட்டுக்கடங்காமல் மலையிலிருந்து பாயும் மழைநீர் மண்ணை அரிக்கின்றது, பாதையைச் சரிக்கின்றது. அதே நீர் அணைக்குள் அடங்கிக் குழாய் வழியே இறங்கும்போது விளக்கு எரிகின்றது. வலிமையும் அவ்வாறானதே.

குண்டு போடுபவனின் விசை பிறப்பது கையில் என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. விசை காலிலே பிறக்கின்றது. தரையை உதைக்கும் காலிலிருந்து இடுப்புக்கும், இடுப்பின் திருப்பத்திலிருந்து முதுகுக்கும் தோளுக்கும் ஏறி, இறுதியாகவே கைக்கும் விரல் நுனிக்கும் வருகின்றது. இவ்வொழுக்கில் எங்கேனும் ஓரிடத்தில் முந்தினாலும் பிந்தினாலும் தூரம் குறையும். 1950களில் அமெரிக்க வீரர் பரி ஓபிரையன் செய்த மாற்றமும் இதைப் பற்றியதே. அவர் வீழ்நிலத்திற்கு முதுகைக் காட்டி நின்று, பின்னோக்கிச் சறுக்கி, உடலைத் திருப்பி உந்தினார். விசை சேர்வதற்கான வழி அதனால் நீண்டது. 1954இல் அறுபது அடியை முதன்முதலாகத் தாண்டினார். 1952இலும் 1956இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். பின்னர்ச் சிலர் வட்டத்துள் பம்பரம்போற் சுழன்று போடும் முறையைக் கையாண்டனர். இன்றைய உலகச் சாதனையாளரான அமெரிக்கரின் முறையும் அச்சுழற்சியே. அவர் ரயன் குரூசர். 2023ஆம் ஆண்டு மே மாதம் அவர் போட்ட தூரம் 23.56 மீற்றர். 2020ஆம் ஆண்டு கொள்ளைநோயினால் பயிற்சிக்களங்கள் மூடப்பட்டபோது, அவர் பலகைகளைக் கொண்டு தாமே ஒரு வட்டம் அமைத்துப் பயிற்சி செய்தார். உலகின் முதல்வனுக்கே பலகை வட்டம் போதுமாயிருந்தது என்பதை இடமில்லாத பாடசாலைகள் நினைவிற் கொள்ளத்தகும்.

ஆயினும் இடம் ஒன்று மட்டும் போதுமென்று கூறுவது உண்மையாகாது. “மலையேறிப் பழகிய கால், சுமை சுமந்து பழகிய முதுகு, தோட்டத்துப் பிள்ளைக்குப் பயிற்சி எதற்கு?” என்று கேட்போர் உளர். இது புகழுரை போலத் தோன்றினும் தீங்கானது. கொழுந்துக் கூடையைச் சுமந்து சரிவிலே நாள் முழுதும் நிற்கும் தாயின் உழைப்பு, தாங்கும் உழைப்பு. குண்டு போடுவதற்கு வேண்டியது, ஒரு கணத்திலே வெடித்தெழும் விசை. அவ்விசைக்கு முறையான பயிற்சி வேண்டும், வயிறு நிறைந்த நல்லுணவு வேண்டும், ஓய்வு வேண்டும். காலையில் வெறுந்தேநீரோடு பாடசாலைக்கு வரும் மாணவனிடம் வலிமையை எதிர்பார்ப்பது, வற்றிய அணையிடம் மின்சாரம் கேட்பதற்கு ஒப்பாகும். முட்டையோ, பருப்போ, கடலையோ, பாலோ, இயன்றதொன்றை அவன் உணவிற் சேர்ப்பது பெற்றோரும் பாடசாலையும் கூடிச் செய்ய வேண்டிய முதற் காரியம்.

இரண்டாவது காரியம், வயதுக்கேற்ற குண்டு. வளர்ந்தோர்க்குரிய 7.26 கிலோகிராம் குண்டைச் சிறுவனின் கையிற் கொடுத்தால் அவன் மணிக்கட்டும் முழங்கையும் கெடும். பன்னாட்டுப் போட்டிகளிலேயே இருபது வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு ஆறு கிலோகிராமும், பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு ஐந்து கிலோகிராமுமே விதிக்கப்பட்டுள்ளன. வளர்ந்த பெண்களுக்குரிய குண்டின் எடை நான்கு கிலோகிராம். இளையோர் இன்னும் இலகுவான குண்டோடு தொடங்குதல் வேண்டும். முதல் மாதங்களிலே தூரத்தை அளவாமல், நிற்கும் நிலையையும் கால் வைக்கும் முறையையும் கற்பித்தலே நன்று.

மூன்றாவது காரியம், காவல். ஒருவன் குண்டு போடும்போது ஏனையோர் வட்டத்திற்குப் பின்னே நிற்க வேண்டும். வீழ்ந்த குண்டைத் திருப்பி எறிதல் கூடாது. கையில் எடுத்துவந்தே கொடுக்க வேண்டும். சரிவான இடங்களிலே குண்டு உருண்டோடிக் கீழேயுள்ள பாதைக்கோ லயத்திற்கோ செல்லாதவாறு, வீழ்நிலத்தின் எல்லையில் மண்ணணை ஒன்று அமைத்தல் இன்றியமையாதது.

நான்காவது, அளவை. இதனைத் தோட்டத்து மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. மடுவத்திலே கொழுந்து நிறுக்கும்போது தராசின் முள்ளை நோக்கும் கண்கள் அவர்களுடையவை. கழிவு என்று எவ்வளவு எடுக்கப்படுகின்றது என்பது அவர்கள் நாளாந்தம் எண்ணும் கணக்கு. குண்டு போடுதலிலும் கழிவு உண்டு. நாடா ஒரு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட பின்னத்தைக் காட்டுமாயின், அப்பின்னம் தள்ளப்பட்டுக் குறைந்த முழு எண்ணே எழுதப்படும். ஆனால் அது வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் ஒன்றே. பட்டணத்துப் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஒன்றே. நாடா எவன் மகன் என்று கேட்பதில்லை. இத்தகைய நடுவுநிலையை ஒரு பிள்ளை தன் வாழ்விலே ஒருமுறையேனும் கண்ணாரக் காண்பது, பதக்கம் பெறுவதினும் மேலான பேறு.

இங்கே கூறப்பட்டவை ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியவையல்ல. ஏழடி வட்டம் இருபாலாருக்கும் ஒன்றே. தாயின் தோளில் கூடையின் கயிறு பதித்த தழும்பைக் காணும் பெண்பிள்ளை, தன் தோளின் வலிமையைத் தனக்காகவே ஒருமுறை அளந்து பார்க்கும் உரிமை உடையவள்.

வெற்றியை மட்டும் கருதி இதனைத் தொடங்குவோர் ஏமாற்றமடைவர். ஹாங்சௌவில் கடைசி முயற்சியில் வென்ற தூரே, 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்று 18.05 மீற்றரோடு தகுதிச் சுற்றில் நின்றுவிட்டார். தம் சிறந்த தூரத்திலும் அது மூன்றரை மீற்றருக்கு மேற் குறைவு. ஆசியாவின் சாதனையாளருக்கே அத்தகைய நாள் வருமாயின், மாவட்டப் போட்டியில் முதன்முறையாக நிற்கும் மாணவனுக்கு அது வருவதில் வியப்பென்ன? முதல் முயற்சி பிழையாகலாம், இரண்டாவதும் பிழையாகலாம். நடுவர் செங்கொடி காட்டிய பின்னரும் தலைகுனியாமல், வட்டத்தின் பின்பாதி வழியாக ஒழுங்காக வெளியேறி, தன் முறை வரும்வரை காத்திருந்து, மீண்டும் உள்ளே நுழையக் கற்றவனே குண்டு போடக் கற்றவன். பரீட்சையிலே ஒருமுறை தவறியதும் படிப்பை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் மலைநாட்டில் இன்னும் உளர். அவர்கள் கற்க வேண்டிய பாடமும் இதுவே.

ஒரு மூட்டை சீமெந்து, சிறிது மணலும் சல்லியும், ஓர் இரும்பு வளையம், இரண்டு மூன்று குண்டுகள், பொறுமையுள்ள ஓர் ஆசிரியர். நோட்டன் பிரிட்ஜ் போன்ற ஊர்களின் பாடசாலைகளில் இப்போட்டி வேரூன்றுவதற்கு முதலில் வேண்டியவை இவ்வளவே. பழைய மாணவர்களும் தோட்டத்து இளைஞர்களும் இரண்டு விடுமுறை நாள்கள் கைகொடுத்தால் வட்டம் அமைந்துவிடும். மலையைச் சமப்படுத்த எவராலும் இயலாது. ஆனால் மலையிலே ஏழடியைச் சமப்படுத்துவது இயலும். அந்த ஏழடியில் ஒரு பிள்ளை நிமிர்ந்து நிற்கப் பழகட்டும்.